அதிகாரம் இழந்த சமயமும் அன்பால் வென்ற அடிகளாரும்

ஒரு மதத்தின் திருநூலை முழுமையாகக் கற்று, அதன் பின்னர் அந்த மதத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவோர் மிகச் சிலரே. அயல்வீட்டிலும் சந்தையிலும் பாடசாலையிலும் அலுவலகத்திலும் தாம் அன்றாடம் காணும் மனிதரைக் கொண்டே பெரும்பாலானோர் அவர் சார்ந்த மதத்தை எடைபோடுகின்றனர். இனிய சொல் பேசுபவர் ஒருவரைக் கண்டால் அவருடைய மதமும் நமக்கு இனியதாகத் தோன்றுகிறது. வஞ்சனை செய்தவரைக் கண்டால் அவருடைய வழிபாட்டுத் தலத்தையும் ஐயத்துடன் பார்க்கிறோம். நான்கு பெருமதங்கள் வேலிக்கு வேலி நெருங்கி வாழும் இலங்கைத் தீவில் இவ்வுண்மையை அனுபவத்தால் அறியாதவர் இருக்க முடியாது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்தத் தீவின் வடக்கிலும் மேற்கிலும் மத்திய மலைநாட்டிலும் வெறுங்காலுடன் நடந்து திரிந்த யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கை இவ்வுண்மைக்கு ஒப்பற்ற சான்றாகத் திகழ்கின்றது.

அடிகளாரின் பணியை விளங்கிக்கொள்வதற்கு அவர் காலத்து இலங்கையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கரையோரங்களில் கத்தோலிக்க சமயம் வேரூன்றிய காலம் போர்த்துக்கேயரின் ஆட்சிக் காலமாகும். சமயத்தோடு சேர்ந்து பீரங்கியும் வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடித்தழிக்கப்பட்டது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவ்வாறு விரட்டப்பட்டோருக்குக் கண்டி மன்னர் செனரத் தமது நாட்டிலும் கிழக்குக் கரையிலும் இடமளித்துக் குடியேற்றினார். எனவே இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அக்காலத்தில் சிலுவை என்பது அன்பின் அடையாளமாக அல்லாமல் ஆட்சியின் அடையாளமாகவே தென்பட்டிருக்கும் என்பதில் வியப்பில்லை.

சக்கரம் சுழன்றது. 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைத் தழுவிய அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாட்டை விட்டு வெளியேற்றினர். குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. நேற்றுவரை ஆட்சியாளரின் சமயத்தவராக இருந்தோர் இன்று ஒளிந்து வழிபடும் சிறுபான்மையினராயினர். மூன்று தசாப்தங்கள் வரை அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றவோ, இறப்போருக்கு இறுதிச் சடங்கு செய்யவோ நிலையான குருவானவர் இருக்கவில்லை. அதிகாரத்தோடு வந்த சமயம் அதிகாரத்தை இழந்த பின்னர் எதைக்கொண்டு வாழும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடையாக அமைந்தது.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாலிம் என்னும் கிராமத்தில் பிறந்தார். கொங்கணி மொழி பேசும் அந்தணர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, கோவா நகரில் தத்துவமும் இறையியலும் பயின்று, 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிறப்பாலும் கல்வியாலும் வசதியான வாழ்க்கையொன்று அவருக்காகக் காத்திருந்தது. எனினும் இலங்கைக் கத்தோலிக்கரின் அவலநிலையைக் கேள்வியுற்ற நாள் முதலாக அவருடைய மனம் இங்கேயே இருந்தது.

உடனடியாக அவர் இலங்கைக்கு அனுப்பப்படவில்லை. 1681 முதல் 1684 வரை கன்னடக் கரையோரப் பகுதியில் பணியாற்றுமாறு பணிக்கப்பட்டார். அங்கே கோவாத் திருச்சபையின் அதிகாரத்துக்கும் உரோமாபுரி நேரடியாக நியமித்த ஆயரின் அதிகாரத்துக்கும் இடையே கடும் பிணக்கு நிலவியது. மக்கள் எவருக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாது தடுமாறினர். இளங்குருவான வாஸ் ஒரு பக்கத்துக்காக வாதாடி மறுபக்கத்தைப் புண்படுத்தாமல், இரு தரப்போடும் பணிவாகப் பேசிப் பிளவு பெருகாது காக்க முயன்றார். பின்னாளில் கண்டியில் அவரைக் காத்த குணத்தின் முளையை இங்கேயே காண்கிறோம்.

அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் பொதுவாக இந்தியக் குருமாரைத் தம்முள் சேர்த்துக்கொள்வதில்லை. இதனால் கோவாவைச் சேர்ந்த குருமார் சிலர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சமூகத்தை அமைத்திருந்தனர். 1685இல் அதில் இணைந்த வாஸ், விரைவில் அதன் தலைவரானார். ஆனால் தலைமைப் பதவி அவரைக் கட்டிப்போடவில்லை. 1686இல் யோவான் என்ற இளைஞரை மட்டும் துணையாக அழைத்துக்கொண்டு இலங்கையை நோக்கிப் புறப்பட்டார்.

தென்னிந்தியாவைக் கடந்து தூத்துக்குடியை அடைந்த அவர், தாம் பணியாற்றச் செல்லும் மக்களின் மொழியான தமிழைக் கற்றார். பின்னர் குருவுக்குரிய உடையைக் களைந்து, கூலியாளைப் போலக் கந்தல் உடுத்துக் கடலைக் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பயணத்தின் கடுமையால் வயிற்றோட்டம் கண்டு சாகும் நிலைக்கு வந்துவிட்டார். தாம் யாரென்று சொல்ல முடியாத நிலை. வீதியோரத்தில் கிடந்த அந்தப் பரதேசிக்கு இரக்கப்பட்ட எளிய மக்கள் கொடுத்த கஞ்சியே அவரை உயிர்பிழைக்க வைத்தது. கொடுக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொண்டார். ஆளவந்த சமயத்தின் பிரதிநிதியாக அன்றி, இந்த மண்ணின் ஏழைகளுக்குக் கடன்பட்டவராகவே அவர் இங்கே தமது பணியைத் தொடங்கினார்.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு எவருடைய முகம் மலர்கிறது, எவருடைய கண் கலங்குகிறது என்பதைக் கொண்டு கத்தோலிக்கரை இனங்கண்டார் என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. நம்பிக்கைக்குரியோர் எனக் கண்டோரிடம் தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். யாழ்ப்பாணத்தின் சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலமளித்தது. பகலில் மறைந்திருந்து இரவில் வீடுகளில் திருப்பலி நிறைவேற்றினார். சட்டத்துக்கு அஞ்சாது அவரைத் தம் கூரையின் கீழ் வைத்துக் காத்த சில்லாலை மக்களின் துணிவும் அவருடைய துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

இது நெடுங்காலம் இரகசியமாக இருக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்கென ஒன்றுகூடிய மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். அடிகளார் தப்பினார். ஆனால் மக்கள் பலர் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டனர். தம்மால் பிறர் துன்புறுவதைக் காணச் சகியாத அவர், 1690இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்றார்.

புத்தளம் பன்னெடுங்காலமாக அந்நியரை வரவேற்றுப் பழகிய துறைமுகமாகும். 1344இல் உலகப் பயணியான இப்னு பதூதா வந்திறங்கியதும் இங்கேதான். பாவாதமலையைத் தரிசிக்க விரும்பிய அந்த முஸ்லிம் பயணியை இந்துவான ஆரியச் சக்கரவர்த்தி உபசரித்து, பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பிவைத்தார். அதே புத்தளத்தில் மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் கத்தோலிக்கத் துறவி ஒருவருக்குப் பௌத்த மன்னரின் ஆட்சி நிழல் கொடுத்தது.

1692இல் கண்டித் தலைநகரை நோக்கிப் பயணமானார். அங்கே அவரை வரவேற்றது சிறைச்சாலையே. முன்னரே கண்டி அரசவையில் இடம்பெற்றிருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர், வந்திருப்பவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியரிடம் முறையிட்டார். போர்த்துக்கேயரின் படையெடுப்புகளைத் தலைமுறை தலைமுறையாகச் சந்தித்த ஒரு நாட்டின் அரசர் அதை நம்பியதில் தவறு காண முடியாது. அடிகளாரும் கூடவந்தோரும் காவலில் வைக்கப்பட்டனர்.

குற்றமற்றவர் ஒருவர் சிறைப்பட்டால் ஒன்றில் கொதித்தெழுவார், அல்லது மனமுடைந்து போவார். அடிகளாரோ சிங்களம் கற்கத் தொடங்கினார். தூத்துக்குடியில் தமிழ் கற்றதைப் போலவே, கண்டிச் சிறையில் தம்மைக் காவல் காத்தோரின் மொழியைக் கற்றார். காவலரோடு பகைமை பாராட்டவில்லை. தம்மீது பழி சுமத்தியவருக்கு எதிராகப் பழி தேடவும் இல்லை. சிறை வளவிலேயே ஓலைக் குடிசை ஒன்றை ஆலயமாக அமைத்துச் செபித்தார். நாள்கள் செல்லச் செல்ல, இவரிடம் ஒற்றருக்குரிய இரகசியம் எதுவும் இல்லை என்பது காவலருக்கும், அவர்கள் வாயிலாக அரண்மனைக்கும் தெரியவந்தது. எந்த வழக்கறிஞரும் அவருக்காக வாதாடவில்லை. அவருடைய நடத்தையே அவருக்காக வாதாடியது.

மொழி பற்றிய இச்செய்தி நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய ஒன்றாகும். பிறரோடு அன்பாகப் பேச விரும்புபவர் முதலில் அவருடைய மொழியில் பேச விரும்புவார். சுதந்திர இலங்கையில் மொழி, மனிதரைச் சேர்க்கும் பாலமாக இல்லாமல் பிரிக்கும் மதிலாக எழுப்பப்பட்டதன் விளைவுகளை நாம் அறிவோம். அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமிழையும் சிங்களத்தையும் ஒருசேர மதித்துக் கற்று, இரு மொழிகளிலும் மக்களுக்கு ஆறுதல் கூறினார். இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் நாம் ஒருவர் மொழியை மற்றவர் கற்பதற்கு இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

மன்னர் விமலதர்மசூரியர் பௌத்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தேய்ந்துபோயிருந்த உபசம்பதா எனும் துறவுநிலை ஏற்கும் மரபை மீள நிலைநிறுத்துவதற்காக அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்தவர் அவர். தம் சமயத்தை இவ்வளவு நேசித்த ஒருவரே அடிகளாருக்குப் படிப்படியாகச் சுதந்திரமளித்து, கண்டியில் ஆலயம் அமைக்கவும் இராச்சியமெங்கும் சென்று பணியாற்றவும் அனுமதித்தார். 1696இல் கடும் வரட்சி நிலவியபோது அடிகளார் செபித்து மழை பெய்ததாகவும், அதன் பின்னரே மன்னரின் மதிப்பு பெருகியதாகவும் கத்தோலிக்க மரபு கூறும். அதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. தன் மதத்தில் உறுதியாக நிற்பவர் பிறர் மதத்துக்குப் பகைவராக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த மன்னரும் அந்தத் துறவியும் எதிரெதிரே நின்று நிரூபித்தனர் என்பதை மட்டும் எவரும் மறுக்க முடியாது.

அடுத்து வந்த 1697ஆம் ஆண்டே அடிகளாரின் வாழ்வில் பெரும் சோதனையாக அமைந்தது. வைசூரி எனப்படும் பெரியம்மை கண்டி நகரைத் தாக்கியது. தடுப்பூசி அறியப்படாத காலம். தொற்றுக்கு அஞ்சி மன்னரும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே கைவிட்டு ஓடினர். காடுகளிலும் வீதிகளிலும் மனிதர் நாதியற்றுக் கிடந்தனர்.

அடிகளார் நகரிலேயே தங்கினார். கோவாவிலிருந்து வந்து அவரோடு இணைந்திருந்த உடன்பணியாளரான யோசேப் கர்வால்யோ அடிகளாரும் அவருக்குத் தோள்கொடுத்தார். கைவிடப்பட்ட வீடுகளையும் குடிசைகளையும் நோயாளர் விடுதிகளாக்கினர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர். சீழ் வடியும் புண்களைத் தம் கைகளாலேயே கழுவினர். இறந்தோரைத் தூக்கிச் சென்று, குழி வெட்டி அடக்கம் செய்தனர். நாளுக்கு நாள் ஒரு வீடு விடாது சென்று பார்த்தனர். கிடப்பவர் கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. மருத்துவத்தால் பிழைத்தோர் சிலராக இருக்கலாம். ஆனால் எவரும் அநாதையாக இறக்கக் கூடாது என்பதில் அடிகளார் உறுதியாக இருந்தார். நோய் தணிந்து தலைநகருக்குத் திரும்பிய மன்னர், இவர்களின் சேவை இல்லாதிருந்தால் நகரின் வீதிகள் பிணக்காடாகியிருக்கும் என்று ஏற்றுக்கொண்டதாகக் கூறப்படுகிறது.

பீரங்கியால் ஒன்றரை நூற்றாண்டு காலம் சம்பாதிக்க முடியாத நம்பிக்கையை ஒரு கிண்ணம் கஞ்சி சம்பாதித்தது. போர்த்துக்கேயரின் சமயம் என்று வெறுக்கப்பட்ட ஒன்றைப் பற்றி, நம் தாயின் புண்ணைக் கழுவியவரின் சமயம் என்று கண்டி மக்கள் பேசத் தொடங்கிய காலம் அதுவெனலாம்.

பின்னைய ஆண்டுகளில் கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றி இரு மொழி இலக்கியங்களிலும் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார். வாஸ் அடிகளாரோ ஒல்லாந்தரின் ஆட்சிப் பகுதிகளுக்கு மாறுவேடத்தில் சென்று மக்களைச் சந்தித்துத் திரும்பினார். அவரை ஆயர் நிலைக்கு உயர்த்தும் யோசனை எழுந்தபோது அதனைப் பணிவோடு மறுத்துவிட்டார். 24 ஆண்டுகளில் ஒரு தடவையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை.

அவர் மதம் பரப்ப வந்தவர் அல்லரா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தம் சமயம் உண்மையானதென்று நம்பி, அதைப் பிறரோடு பகிர விரும்பியே அவர் வந்தார். அதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். எனினும், அவருக்குப் பின்னால் படை இருக்கவில்லை. பதவி ஆசை காட்டும் அரசும் இருக்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் பெற விரும்பியோர் ஆட்சியாளரின் சபையில் பெயர் பதிந்துகொள்ள வேண்டியிருந்த காலத்தில், அவருடைய சமயத்தில் சேர்ந்தோருக்குக் கிடைக்கக்கூடியது தண்டனை மட்டுமே. அச்சமும் ஆசையும் காட்டாது, வாழ்க்கையை மட்டுமே காட்டுபவரை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் கேட்பவருக்கு முழு உரிமை இருக்கிறது. மதிப்பு அங்கேதான் பிறக்கிறது.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் அடிகளார் காலமானார். வயது 59. வாழ்நாள் முழுவதும் செய்யத் தவறிய ஒன்றை இறக்கும் தறுவாயில் எளிதாகச் செய்துவிட முடியாது என்பதே அவர் தம்மைச் சூழ்ந்து நின்றோருக்கு இறுதியாகக் கூறிச்சென்ற அறிவுரையின் கருத்து. கண்டியில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய கல்லறை எவ்விடத்தில் இருந்தது என்பது இன்று எவருக்கும் தெரியாது. 1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை அருளாளராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதற் புனிதர் அவரே.

அடிகளார் பிறந்த திகதி ஏப்ரல் 21 என்று மேலே குறிப்பிட்டோம். 2019இல் அதே ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மதத்தின் பெயரால் சிலர் செய்த அந்தப் படுபாதகத்துக்கு ஒரு சமூகம் முழுவதும் பதில் கூற வேண்டிய நிலை ஏற்பட்டது. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆனால் உறவுகளை இழந்த கத்தோலிக்க மக்களை நோக்கி, எவரும் முஸ்லிம் சகோதரர்மீது கை ஓங்கக் கூடாது என்று கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மன்றாடியதையும் நாடு கேட்டது. அடிகளார் கண்டியில் விதைத்த விதை முற்றாகப் பட்டுப்போகவில்லை என்பதற்கு அது சான்றாகும்.

இன்னொரு நினைவும் எழுகிறது. 1690இல் அடிகளார் யாழ்ப்பாணத்திலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற அதே புத்தளத்துக்குத்தான், சரியாக 300 ஆண்டுகளின் பின்னர், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மிகப் பெரும்பாலானோர் சென்று சேர்ந்தனர். ஓர் ஊரின் வரலாற்றில் இருமுறை ஒரே காட்சி. இரண்டிலும் விரட்டியவர் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். இரண்டிலும் அயலவர் பலர் மௌனமாகக் கண்ணீர் வடித்தனர். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றை, வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கும் தமிழ் அயலவர் ஒருவர், எத்தனை மாநாட்டுத் தீர்மானங்களாலும் செய்ய முடியாததைச் செய்துவிடுகிறார்.

நாட்டின் பெரிய முடிவுகளை எடுப்பது நம்மிற் பலரின் கையில் இல்லை. ஆனால் கடை வாசலில் பேசும் சொல்லும், பேருந்தில் எழுந்து கொடுக்கும் இருக்கையும், அயல்வீட்டு மரணத்தின்போது தூக்கிச் செல்லும் தேநீரும் நம் கையில்தான் இருக்கின்றன. யோசேப் வாஸ் அடிகளாரிடம் இருந்தவையும் இவ்வளவுதான். கல்லறைகூட மிஞ்சாத அவருடைய பெயர், மூன்று நூற்றாண்டுகளின் பின்னரும் மிஞ்சி நிற்கிறது.